முப்பத்தோரு பேர்

அப்பாசியாவில் விடிவதற்கு முன்னே
சப்பாத்தி தேய்த்துக்கொண்டே ஆரம்பித்துவிடுவேன்.
முழங்கால் போட இந்தச் சமையலறையில் இடம் கிடையாது.
ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில்
நின்றபடிதான் ஜெபம்.

வசனத்தில் ‘நீ’ வரும் இடத்தில்
அபிஷாய் என்று போடுவேன்.
‘உன்’ வரும் இடத்தில் ஜெமிமாவின்.
சில வசனங்களில் இலக்கணம் இடிக்கும்,
உருபு மாட்டாமல் தொங்கும்.
ஆண்டவர் என்ன தமிழ் வாத்தியாரா என்பார் பொன்சிங்,
வாயில் பேஸ்ட் நுரையோடு.

அவர் ஜெபம் அஹ்மதி போகும் கம்பெனி வேனில்.
இரண்டு பக்கமும் ஆட்கள் தூங்கி விழ,
கண்ணைத் திறந்தபடி, உதட்டுக்குள்,
கால் தள்ளாடவிடாத தேவனைப் பற்றிய அந்த வரி.
போன மாதம் பக்கத்து சீட் பாகிஸ்தானி ஃபோர்மேன்
‘பையனுக்குப் பரீட்சையா?’ என்றாராம் இந்தியில்.
ஆமாம் என்றதும்
அவரும் என்னவோ சொல்லி
இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டாராம்.

பரீட்சை மாதத்தில் எனக்கு ஒரே வாக்குத்தத்தம்:
வாலாக்காமல் தலையாக்குவது.
அதை அட்டையில் எழுதி
அபிஷாயின் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன்.
காம்பஸ் முனை குத்திக் குத்தி
‘தலை’ இருந்த இடத்தில் இப்போது ஓட்டை.

புதன்கிழமை தூசிக்காற்று. ஸ்கூல் லீவு.
எதிர் பில்டிங்கே தெரியவில்லை.
ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி திணித்துக்கொண்டிருந்தேன்.
பின்னால் வந்து நின்றான்.

‘எங்க கிளாஸ்ல முப்பத்தோரு பேரும்மா.
ஜெபக்குழுவுல நாலு ஆன்ட்டி
இதே வசனத்தைத்தான் சொல்றாங்க.
எல்லாருக்கும் ஆண்டவர் சரின்னுட்டா
வால் யாரு?’

துணியைப் பிழிந்தேன்.
செம்மண் தண்ணீர் வந்தது. மறுபடி பிழிந்தேன்.
போய்ப் படி என்றேன்.

போகவில்லை.
‘எப்பவும் முஸ்தகீம்தான் கடைசி.
அவங்க அப்பாவுக்கு வேலை போயிருச்சு.
அவங்கம்மாவ ஹைதராபாத் அனுப்பிட்டாங்க.
ஃபீஸ் கட்டலைன்னு ரிப்போர்ட் கார்டுகூடத் தரல.
நீ கேக்கறது
அவனையா அங்க நிக்க வைக்கச் சொல்லி?’

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஆறு வருஷமாக நான் கேட்டதில்
அந்தப் பையன் எங்கே நின்றான் என்று
யோசித்ததே இல்லை.

ராத்திரி புருவமெல்லாம் மண்ணோடு வந்தார் பொன்சிங்.
சொன்னேன். சிரித்தார்.
பிறகு வெகுநேரம் சத்தமில்லாமல் சாப்பிட்டார்.
ரசம் ஊற்றும்போது,
‘எட்டாம் வகுப்பில் நான் முப்பத்தெட்டாவது ரேங்க்’ என்றார்.
எத்தனை பேரில் என்று கேட்டேன்.
‘முப்பத்தெட்டில்தான்.’
கல்யாணமாகிப் பதினாலு வருஷம். இன்றைக்குத்தான் சொல்கிறார்.
தலையைக் குனிந்து அப்பளத்தை நொறுக்கினார்.
அந்தத் தலைதான்
நாலு பேருக்கும் வாடகை கட்டுகிறது.

வியாழன் காலை
கார்கள் எல்லாம் ஒரே நிறத்தில் நின்றன.
மாவு உருட்டும்போது வழக்கமான வசனம்
நாக்கு நுனி வரை வந்து
அங்கேயே நின்றுவிட்டது.
ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவனிடம் கேட்டேன்:
உங்கள் கிளாஸ் பெயர்களைச் சொல்லு.
எல்லாவற்றையும்.

அட்டெண்டன்ஸ் வரிசையில் சொன்னான்.
ஒவ்வொன்றாக என் வாயிலும் போட்டுப் பார்த்தேன்.
இரண்டு பெயர் எனக்கு வரவே இல்லை,
சிரித்தான், திருத்தினான்.
எந்த வசனம் என்று முடிவு செய்யவில்லை.
வெறும் பெயர்கள்தான், கல்லில் சப்பாத்தி உப்ப உப்ப.
முஸ்தகீம் நடுவில் எங்கேயோ வந்தான்.
பதினெட்டாவது பெயரில் கீழே பஸ் ஹார்ன்.
மீதியை நாளைக்கு, ஆண்டவரே.

டிபன் பாக்ஸில் இன்றைக்கு
இரண்டு சப்பாத்தி அதிகம்.
யாருக்கென்று அவன் கேட்கவில்லை.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன்.
அபிஷாயின் பெயரை மட்டும்
இரண்டு தடவை சொன்னேன்.